80,000 ரூபாய் பட்ஜெட்: பிறகு எதையும் மாற்ற முடியாத மேக் மினியை நம்பி வாங்கலாமா?

#1 மலைக்கோட்டை

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் கல்யாண போட்டோ, வீடியோ, ஆல்பம் வேலை செய்கிறேன். 2017இல் கட்டிய டவர் கணினிதான் இன்றுவரை ஓடுகிறது. ஐ5-7400, பி250 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. முதலில் 8 ஜிபி ரேம், பிறகு 16. எட்டு வருஷம் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட பெட்டி, அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் புது கேமராவில் 10 பிட் 4:2:2 (நிற விவரம் அதிகமுள்ள வகை) வீடியோ எடுக்க ஆரம்பித்ததிலிருந்து அதற்கு மூச்சு வாங்குகிறது. டைம்லைனில் போட்டால் குரல் ஓடும், படம் நின்றுவிடும். கெட்டிமேளம் கேட்கும்போது திரையில் மாப்பிள்ளை இன்னும் தாலியைக் கையிலேயே வாங்கியிருக்க மாட்டார்.

விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. என் பிராசஸர் ஏழாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது.

கையில் 80,000 ரூபாய் இருக்கிறது. ஆப்பிளின் சின்ன டெஸ்க்டாப்பான எம்4 மேக் மினி, 16 ஜிபி ரேம் / 256 ஜிபி எஸ்எஸ்டி (சேமிப்பு டிஸ்க்), 2024இல் ரூ.59,900க்கு வந்தது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. தயக்கம் ஒன்றுதான். வாங்கிய பிறகு ரேம் கூட்ட முடியாது. நான் எதையும் எட்டு வருஷம் வைத்து ஓட்டுகிறவன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டிக்கு இவ்வளவு பணத்தைப் போட்டுவிட்டு மூன்றாம் வருஷம் மாட்டிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 ரிச்சிதெரு

வேண்டாம் நண்பரே. டவரே கட்டுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். 2018இல் ரைசன் 5 2600, பி450 போர்டு, 8 ஜிபி ரேம். பிறகு 16, பிறகு 32 ஆக்கினேன். 2022இல் ரைசன் 5 5600 வந்ததும் பயாஸை (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) மட்டும் அப்டேட் செய்து, பழைய பிராசஸரைக் கழற்றிப் புதியதைச் செருகினேன். போர்டு அதே, கேபினெட் அதே. ஒரே ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் வேறு கணினி ஆகிவிட்டது. பழைய பிராசஸரை விற்ற காசு எஸ்எஸ்டிக்கு ஆனது. இந்தச் சுகத்தை எந்தக் குட்டிப் பெட்டியும் தராது.

மேக் மினியில் 16இலிருந்து 24 ஜிபிக்குப் போக ரூ.20,000. 256 ஜிபி எஸ்எஸ்டியை 512 ஆக்க இன்னொரு 20,000. 24 / 512 வாங்கினால் 99,900 ஆகிறது. கூடுதல் 256 ஜிபிக்கு 20,000 கேட்பது நியாயமே இல்லை. என் கடையில் யாராவது இந்த விலை சொன்னால் வாடிக்கையாளர் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்.

#3 நொய்யல்

அண்ணா, ரிச்சிதெரு சொல்வதில் பாதி சரி. அதற்கு முன் ஒரு கேள்வி: இந்த எட்டு வருஷத்தில் உங்கள் டவரில் நீங்கள் உண்மையிலேயே மாற்றியது என்னென்ன? மாற்றலாம் என்று நினைத்ததைச் சேர்க்காமல் எண்ணிச் சொல்லுங்கள்.

நான் கோவையில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 2024 டிசம்பரிலிருந்து அடிப்படை எம்4 மினிதான். உங்கள் தொல்லை ரேமால் வருவது இல்லை என்று நினைக்கிறேன். 10 பிட் 4:2:2 ஹெச்இவிசி (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) வீடியோவைப் பிரித்துக் காட்ட சிப்பிலேயே தனிப் பகுதி இருக்க வேண்டும். உங்கள் ஐ5-7400இல் அது இல்லை, 1050 டிஐயிலும் இல்லை. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரைக்குமே 4:2:2க்கு அந்த வசதி கிடையாது, 50 வரிசையில்தான் வந்தது. இன்டெலில் 11ஆம் தலைமுறையிலிருந்து ஹெச்இவிசி 4:2:2க்கு உண்டு. ஆப்பிளின் எம் வரிசை சிப்புகளில் எம்1 முதலே உண்டு. அதனால் நீங்கள் 64 ஜிபி ரேம் போட்டாலும் அந்த டவரில் மாப்பிள்ளை அப்படியேதான் நிற்பார்.

நான் முழு ரிசப்ஷன் வீடியோவை மினியில் வெட்டும்போது ஃபேன் சத்தம் காதில் விழுந்ததில்லை. சும்மா இருக்கும்போது 4 வாட், உச்சத்தில் 65 வாட் என்று ஆப்பிள் சொல்கிறது. எங்கள் பகுதியில் மதியம் கரண்ட் போகும். முன்பு டவரோடு 600 விஏ யுபிஎஸ் பதறிப்பதறிக் கத்தும், சேவ் செய்து அணைப்பதற்குள் உயிர் போய்விடும். இப்போது அதே யுபிஎஸ்ஸில் மானிட்டரோடு சேர்த்து நிதானமாக ஓடுகிறது.

#4 மலைக்கோட்டை

நொய்யல் தங்கைக்கு நன்றி. எண்ணிப் பார்த்தேன்.

ரேம் ஒரு முறை. எஸ்எஸ்டி 2019இல் ஒரு முறை. அவ்வளவுதான். பிராசஸர் மாற்றலாம் என்று இரண்டு தடவை விசாரித்தேன். எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட் எண் 1151தான், ஆனால் என் போர்டில் ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். கிராஃபிக்ஸ் கார்டு மாற்றலாம் என்று நினைத்தபோது விலை வானத்தில் இருந்தது, விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2021 ஆவணி மாதம், மறுநாள் காலை ஆல்பம் கொடுக்க வேண்டும். ராத்திரி ஏழு மணிக்கு டவர் அணைந்தது, பட்டனை அழுத்தினால் உயிரே இல்லை. கடைப் பையன் வந்து, நட்டமாக இருந்த பெட்டியைப் படுக்க வைத்து, எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளை) கழற்றி இன்னொன்றை மாட்டினான். அரை மணி நேரம், 2,600 ரூபாய். எட்டு மணிக்கு நான் திரும்ப வேலையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ராத்திரியை நினைத்தால்தான் மினி வாங்கக் கை வர மாட்டேன் என்கிறது.

#5 வைகைவடகரை

மலைக்கோட்டை சார், நீங்கள் கடைசியில் எழுதியதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். வசதியைக் கூட்டுவது வேறு, பழுது பார்ப்பது வேறு. இரண்டையும் ஒரே சொல்லாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நீங்கள் கூட்டியது எட்டு வருஷத்தில் இரண்டே தடவை. ஆனால் பழுது பார்த்தது ஒரு ராத்திரி உங்கள் மானத்தைக் காப்பாற்றியது.

நான் 2012 மேக் மினியிலிருந்து இந்த வரிசையைப் பார்த்து வருகிறேன். அதன் கதையே இந்த விவாதம்தான். 2005 ஜனவரியில் 499 டாலருக்கு முதல் மினி வந்தபோது மேல் மூடியைத் திறக்க, சுவரில் புட்டி பூசுகிற தகட்டை இடுக்கில் செருகி நெம்ப வேண்டும். 2010இல் அடியில் வட்ட மூடி வைத்தார்கள். என் 2012 மினியைக் கவிழ்த்து, இரண்டு கட்டை விரலையும் மூடியின் குழிகளில் வைத்து ஒரு திருகு திருகினால் போதும், ரேம் இரண்டும் எதிரிலேயே படுத்திருக்கும். 4 ஜிபியை எடுத்து 16 போட எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. 2014இல் ரேமைப் போர்டோடு பற்றவைத்துவிட்டார்கள். 2018இல் மனம் மாறி ரேமைத் திரும்ப ஸ்லாட்டில் வைத்தார்கள், ஆனால் எஸ்எஸ்டி போர்டிலேயே ஒட்டி வந்தது. 2020 எம்1இலிருந்து ரேம் சிப்போடு ஒரே வில்லையில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது 2018 மாடல். 64 ஜிபி வரை ரேம் போடலாம். ஆசையாகப் போட்டவர்களை எனக்குத் தெரியும். 2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோ அந்த மினியில் ஏறாது. ரேம் ஸ்லாட் இருந்தும், பெட்டியின் ஆயுளை முடிவு செய்தது மென்பொருள். உங்கள் டவரிலும் அதுதானே நடந்தது? ரேமுக்கு இடம் இருக்கிறது, விண்டோஸ் 11தான் இல்லை.

பழுது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்னப் பெட்டிக் கணினி இருந்தது (எந்த கம்பெனி என்பது வேண்டாம், எல்லாம் பற்றவைத்த பெட்டிகளின் பொதுக் கதை இது). இடி மழை நாளில் போர்டு போனது. வாரண்டி முடிந்திருந்தது. போர்டு மாற்ற ஆகும் செலவுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதியதே வாங்கலாம் என்றார்கள். அதோடு, மேக் மினி மாதிரி இயந்திரங்களில் எஸ்எஸ்டியில் உள்ளதைத் திறக்கும் சாவி முதன்மைச் சிப்புக்குள் இருக்கிறது. போர்டு செத்தால், எஸ்எஸ்டியைக் கழற்றி வேறொன்றில் மாட்டி ஃபைலை எடுக்க முடியாது. அதனால் மினி வாங்கினால் பேக்கப் டிஸ்க்கையும் சேர்த்தே வாங்குங்கள், அன்றைக்கே டைம் மெஷினை (மேக்கின் தானியங்கி பேக்கப்) போட்டுவிடுங்கள். இன்னொருவர் வீட்டுக் கல்யாணம் அந்த டிஸ்க்கில் இருக்கிறது. திரும்ப எடுக்க முடியாத படம்.

#6 ரிச்சிதெரு

வைகைவடகரை சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். இப்படிப் பார்த்தால் நானும் கட்சி மாற வேண்டியதில்லை, அவர் சொன்ன காரணத்துக்காகவே டவர் வேண்டும் என்கிறேன். திருச்சியில் ராத்திரி ஏழு மணிக்கு எஸ்எம்பிஎஸ் கிடைக்கும். மினிக்குள் இருக்கும் பவர் சப்ளை கிடைக்குமா?

#7 மணல்துகள்

பெங்களூரில் வன்பொருள் வடிவமைப்பில் இருக்கிறேன். ஏன் பற்றவைக்கிறார்கள் என்பதைச் சொன்னால் எதில் கோபப்பட வேண்டும், எதில் வேண்டாம் என்று பிரியும்.

ரேம் பற்றவைப்பதில் பொறியியல் காரணம் உண்மையிலேயே இருக்கிறது. எம்4இல் பிராசஸரும் கிராஃபிக்ஸும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. வினாடிக்கு 120 ஜிபி வேகத்தில் தகவல் போய்வருகிறது, எம்4 ப்ரோவில் 273. சாதாரண டெஸ்க்டாப்பில் இரண்டு டிடிஆர்5-5600 ரேம் போட்டால் சுமார் 90தான். ஸ்லாட் என்பது ஒரு இணைப்பு. சிக்னல் அங்கே கொஞ்சம் கலங்கும். வேகம் கூடக்கூட, பாதை அகலமாக ஆக, அந்தக் கலக்கத்தைத் தாங்க முடியாது.

ஃப்ரேம்வொர்க் கம்பெனியைப் பாருங்கள். எல்லாப் பாகத்தையும் பயன்படுத்துகிறவரே கழற்றி மாட்டலாம் என்பதற்காகவே லேப்டாப் செய்ய வந்தவர்கள். 2025 பிப்ரவரியில் அவர்களே 4.5 லிட்டர் கொள்ளளவில் ஒரு சின்ன டெஸ்க்டாப்பை அறிவித்தார்கள். ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ் சிப், 128 ஜிபி வரை ரேம், வினாடிக்கு 256 ஜிபி. ரேம் பற்றவைத்தது! ஏஎம்டியோடு சேர்ந்து கழற்றும் வகையில் செய்து பார்க்க முயன்றும் அந்த வேகத்தில் சிக்னல் நிற்கவில்லை என்று அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்களாலேயே முடியவில்லை என்றால் மற்றவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது.

எஸ்எஸ்டிக்கு இந்த நியாயம் பொருந்தாது. அதே ஃப்ரேம்வொர்க் பெட்டியில் எஸ்எஸ்டி சாதாரண எம்.2 ஸ்லாட்டில்தான் (அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான பொதுவான இடம்) இருக்கிறது. எம்4 மினியிலும் அது தனி அட்டையாகத்தான் செருகப்பட்டிருக்கிறது. கழற்றலாம். ஆனால் அது வழக்கமான எம்.2 இல்லை, வெறும் நினைவக வில்லைகள் மட்டும் இருக்கும் அட்டை. மாற்றினால் இன்னொரு மேக்கை கேபிளில் இணைத்து முழுதாக ரீஸ்டோர் செய்தால்தான் உயிர் வரும். வெளிக் கம்பெனிகள் அட்டை விற்கிறார்கள், மாற்றியவர்களும் இருக்கிறார்கள். தொழிலுக்கு ஓடும் பெட்டியில் வாரண்டிக்குள் நான் அதைச் செய்ய மாட்டேன்.

ஆக, ரேம் விலை மேல் கோபம் வரட்டும், பற்றவைத்ததன் மேல் வேண்டாம். எஸ்எஸ்டியில் இரண்டின் மேலும் வரலாம். பணத்தை எங்கே போடுவது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது: பிறகு மாற்றவே முடியாத ரேமுக்குப் போடுங்கள். இடம் போதாமல் போனால் வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம்.

#8 நொய்யல்

ஆமாம், நான் செய்தது அதுதான். உள்ளே 256, வெளியே 2 டிபி எஸ்எஸ்டி. அன்றைய வேலை எல்லாம் வெளி டிஸ்க்கில்தான். வாங்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா: அட்டையில் 20 ஜிபிட் என்று போட்டு விற்கும் யூஎஸ்பி எஸ்எஸ்டிகள் எம்4 மினியில் 10 ஜிபிட்டாகத்தான் ஓடும், அந்த 20 ஜிபிட் வகையை அது ஆதரிப்பதில்லை. அதனால் 10 ஜிபிட் போதும், வினாடிக்கு ஏறக்குறைய 1,000 எம்பி கிடைக்கும், இரண்டு மூன்று அடுக்கு 4கே வெட்ட அது தாராளம். அதற்கு மேல் வேண்டுமென்றால் யூஎஸ்பி4 பெட்டி வாங்கிப் பின்பக்கத் தண்டர்போல்ட் (வேகமான) துளையில் மாட்டுங்கள்.

சாதாரண நீள்சதுர யூஎஸ்பி துளை ஒன்றுகூட இல்லை. முன்னால் இரண்டு, பின்னால் மூன்று, எல்லாம் சி வகை. கார்டு ரீடர், கீபோர்டு, பழைய பென்டிரைவ் எல்லாவற்றுக்கும் ஒரு ஹப் வேண்டும். அதையும் பட்ஜெட்டில் எழுதுங்கள்.

அப்புறம், வீட்டில் யாராவது கல்லூரியில் படிக்கிறார்களா? 2024இல் வந்தபோது மாணவர் விலை 49,900.

#9 எழுத்தாணி

எல்லோரும் சிலிக்கானைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் டிடிபி ஆள், எழுத்துருவைப் பற்றிச் சொல்கிறேன். சார் ஆல்பம் செய்கிறார் என்றால் இதுதான் முதல் நாளே காலை வாரும்.

ஆல்பத்தில் "திருநிறைச்செல்வி" என்று அலங்காரமாகப் போடுகிறோமே, அந்த எழுத்துருக்கள் பெரும்பாலும் யூனிகோடு (இன்றைய பொது எழுத்துக் குறியீடு) இல்லை, பழைய குறியீடு. அதைத் தட்டச்சு செய்ய நாம் வைத்திருக்கும் என்ஹெச்எம் ரைட்டர், அழகி எல்லாம் விண்டோஸுக்கானவை. மேக்கில் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் கூடவே வருகின்றன, நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அவை யூனிகோடு. பழைய எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து அதில் அடித்தால் வேண்டிய எழுத்து வராது. பழைய பதிப்பு ஃபோட்டோஷாப்பில் யூனிகோடு தமிழ் அடிக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால் பயப்பட வேண்டாம், டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எஞ்சினைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று, உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் டிஸ்க் அமைப்பு முறை) ஆக இருக்கும். மேக் அவற்றைப் படிக்கும், எழுதாது. ஃபைலைத் திறக்க முடிகிறதே என்று நம்பி, சேவ் செய்யும்போதுதான் தெரியும். புது டிஸ்க் வாங்கினால், விண்டோஸ், மேக் இரண்டும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட் ஆக்கிவிடுங்கள். பழைய டவரைத் தயவுசெய்து விற்காதீர்கள்.

#10 ரிச்சிதெரு

எழுத்தாணி அக்கா சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பழைய டவர் போனால், கம்பெனிகள் கழித்துக்கட்டிய லெனோவோ திங்க்சென்டர் டைனி மாதிரி ஒரு லிட்டர் பெட்டிகள் சென்னை ரிச்சி தெருவில் குவிந்து கிடக்கின்றன. எம்720க்யூ பாருங்கள், எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏறும், உள்ளே ரேம் ஸ்லாட் இரண்டு, எம்.2 ஒன்று, 2.5 அங்குல டிஸ்க்குக்கும் இடம். சின்னப் பெட்டி என்றாலே கழற்ற முடியாதது என்று அர்த்தம் இல்லை என்பதற்கு அது சாட்சி. எடிட்டிங்குக்குப் பத்தாது, ஆனால் எழுத்துரு வேலைக்கும் பில் போடவும் பத்து வருஷம் ஓடும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "இப்போது 8 ஜிபி போதும், பிறகு மலிவாக வாங்கிப் போடலாம்" என்று வாடிக்கையாளர்களிடம் பல வருஷமாகச் சொல்லி வந்தவன் நான். 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்காக நினைவகம் மொத்தமாக அந்தப் பக்கம் போய், ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. ஸ்லாட்டைக் காலியாக வைத்துக் காத்திருந்தவர்கள் இப்போது என்னைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். பிறகு வாங்கினால் மலிவு என்பது எப்போதும் நடப்பதில்லை.

#11 மலைக்கோட்டை

நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இரண்டு முகூர்த்தம் இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் நண்பர் ஒருவரிடம் அடிப்படை எம்4 மினி இருக்கிறது. என் வீடியோ, ரா போட்டோ எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். முதலில் அந்தத் தாலி கட்டும் காட்சி. இழுத்து டைம்லைனில் விட்டேன், ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். ஓடியது. கெட்டிமேளமும் முடிச்சும் ஒன்றாக வந்தன. நண்பர் காபி கொண்டுவந்து வைத்ததைக்கூடக் கவனிக்காமல் அதையே நான்கு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

அப்புறம் நான் தினம் செய்வதுபோலவே பிரீமியர், ஃபோட்டோஷாப்பில் 40 பக்க ஆல்பம், லைட்ரூம், பிரவுசர் எல்லாவற்றையும் திறந்து வைத்தேன். ஆக்டிவிட்டி மானிட்டரில் நினைவக அழுத்தக் கோடு பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போனது, ஸ்வாப் (ரேம் போதாமல் எஸ்எஸ்டியில் எழுதுவது) 6 ஜிபிக்கு மேல் காட்டியது. வேலை நிற்கவில்லை, ஆனால் ஃபோட்டோஷாப்புக்குத் திரும்பும்போது ஒரு நொடி யோசித்தது. இன்றைக்கே மஞ்சள் என்றால் எட்டாம் வருஷம் என்ன ஆகும்? 16 எனக்குப் போதாது.

அதனால் 24 ஜிபி / 256 ஜிபி, 79,900. பட்ஜெட் அங்கேயே முடிந்துவிட்டது. டவரில் இருக்கும் 1 டிபி சாட்டா எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு யூஎஸ்பி பெட்டியில் போட்டு இப்போதைக்கு ஓட்டலாம் என்றிருக்கிறேன். டவரை இணையத்திலிருந்து துண்டித்து, பழைய ஹார்ட் டிஸ்க்கோடு எழுத்துரு வேலைக்கும் ஆல்பம் அச்சிடும் லேபுக்கு அனுப்பவும் வைத்துக்கொள்வேன். ஆவணி ராத்திரி மாதிரி இன்னொரு ராத்திரி வந்தால் மெதுவாகவாவது ஆல்பத்தை முடிக்க ஒரு பெட்டி இருக்கும். மகள் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், மாணவர் விலையில் 24 ஜிபிக்கு என்ன வருகிறது என்று கேட்கப் போகிறேன்.

#12 வைகைவடகரை

நல்ல முடிவு சார். மினியின் பவர் கேபிளை நேராகச் சுவரில் செருகாதீர்கள், யுபிஎஸ் வழியாகவே கொடுங்கள். பவர் பட்டன் அடியில் பின் மூலையில் இருக்கும், தேடாதீர்கள்.

#13 ரிச்சிதெரு

எனக்கு இன்னும் முழு சம்மதம் இல்லை. ரேமுக்குக் கொடுக்கும் அந்த 20,000 மனதை உறுத்துகிறது. ஆனால் உங்கள் வேலையோடு போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுத்திருக்கிறீர்கள், அதை மதிக்கிறேன்.

சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு 550 எம்பிக்கு மேல் தராது. ஒரே கேமரா வீடியோவுக்குப் போதும். மூன்று கேமராவை ஒன்றாக வெட்டும்போது திணறினால் அப்போது எம்.2 ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி வாங்கும்போது யூஏஎஸ்பி (யூஎஸ்பி டிஸ்க்கை வேகமாக ஓட்டும் முறை) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாத மலிவுப் பெட்டிகள் வேகத்தைத் தின்றுவிடும்.

#14 மலைக்கோட்டை

யூஏஎஸ்பி, குறித்துக்கொண்டேன். அதோடு கேபிள் எவ்வளவு நீளம் இருக்கலாம்? மேசைக்கு அடியில் டிஸ்க்கை வைத்தால் ஒரு மீட்டராவது வேண்டும்.

#15 ரிச்சிதெரு

ஒரு மீட்டர் தாராளமாகப் போகும். அதற்கு மேல் வேண்டாம். டிஸ்க்கை மேசைக்கு அடியில் காலில் படும் இடத்தில் வைக்காமல், மானிட்டருக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள்.